எஞ்சினைக் கடைசியில் வாங்குங்கள்: ரேடியோ ஹைட்ரோபிளேன் படகுக்கு பெட்ரோல் எஞ்சின் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

என் கட்டிலுக்கு அடியில் 52 சிசி பிரஷ் கட்டர் (புல், புதர் வெட்டும் கருவி) எஞ்சின் ஒன்று சாக்குப்பையில் சுற்றிக் கிடக்கிறது. அதை வாங்குவதற்கு முன் நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். ஸ்லோ-மோ-ஷன் 4 என்ற அமெரிக்க ஹைட்ரோபிளேன், அதாவது தண்ணீரின் மேலாகச் சறுக்கிப் பாயும் பந்தயப் படகு, 1950-இல் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160 மைல் வேகத்தைத் தாண்டி உலக சாதனை படைத்தது. அதற்குள் இருந்தது ஆலிசன் வி-12 விமான எஞ்சின், சுமார் 28 லிட்டர். நான் கட்டியது ரேடியோ ரிமோட்டில் ஓடும், எட்டில் ஒரு பங்கு அளவு மாதிரி. நீளம் எட்டில் ஒன்று என்றால் கொள்ளளவு 8 x 8 x 8, அதாவது 512-இல் ஒன்று. 28,000-ஐ 512-ஆல் வகுத்தால் 55 சிசி வருகிறது. வேலூரில் விவசாயக் கருவிகள் விற்கும் கடை ஒன்றில் 52 சிசி எஞ்சின் இருந்தது. கணக்கு ஒத்துப்போன சந்தோஷத்தில் அன்றே வாங்கி வந்துவிட்டேன்.

படகு எழவே இல்லை. பின்பக்கம் அமிழ்ந்து, ஏரியில் எருமை நீந்துவதுபோலப் போய்த் திரும்பி வந்தது. அந்தக் காலத்து மொபெட்டுகளையும் ஆர்எக்ஸ் 100-ஐயும் பிரித்துப் பூட்டியே தலை நரைத்த காட்பாடி மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "உழவு மாட்டைக் கொண்டாந்து மாடு விடுற விழாவுல விட்டிருக்கியே தம்பி."

அவர் சொன்னதன் பொருள் முழுதாகப் புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. எஞ்சினில் தொடங்கிப் படகுக்குப் போகக் கூடாது. தண்ணீர், படகு, புரொப்பெல்லர், அது சுற்ற வேண்டிய வேகம் என்று இந்த வரிசையில் வந்து, கடைசியில்தான் எஞ்சின் கடைக்குப் போக வேண்டும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

முதலில் தண்ணீர்

தண்ணீரில்லாத ஆறு உள்ள ஊர் என்று வேலூரைக் கேலி செய்வார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் கொஞ்ச நாள் அந்தக் கேலியை நிறுத்தி வைத்தார்கள். ஆனாலும் ஆற்றை நம்பிப் படகு கட்ட முடியாது. நமக்கு ஏரிதான். வடகிழக்குப் பருவமழை சரியாகப் பெய்தால் ஐப்பசியிலிருந்து மாசி, பங்குனி வரை ஓட்டலாம்.

பெரிய ஏரி நல்ல ஏரி என்று நினைக்க வேண்டாம். காவேரிப்பாக்கம் ஏரி கடல்போலக் கிடக்கிறது; ஆனால் அவ்வளவு பரப்பில் காற்று அடித்தால் அலையும் அதற்கேற்ப எழும்பும். ஹைட்ரோபிளேனுக்கு அலைதான் எமன். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போகிற படகு அது. மூக்குக்கு அடியில் காற்று புகுந்தால் அப்படியே பின்னால் மல்லாந்துவிடும். கரையில் பனைமரம் வரிசையாக நின்று காற்றை மறைக்கும் சின்ன ஏரி மேல். காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்திலும், மீன் குத்தகை எடுத்தவரிடமும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இது டூ-ஸ்ட்ரோக் சத்தம். ஊரே வந்து நிற்கும். வேலூர்க் கோட்டை அகழியைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். விட்டுவிடுங்கள்.

ஆகாயத்தாமரையும் பாசியும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் சுக்கானில் உள்ள ஒரு சின்னத் துளை வழியாகத்தான் உள்ளே போகிறது. இலைத்துணுக்கு ஒன்று அதை அடைத்தால், படகு ஏரியை ஒருமுறை சுற்றி வருவதற்குள் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகி சீஸ் ஆகிவிடும்.

படகின் நீளம், எடை

ஹைட்ரோபிளேன் மூன்று இடங்களில் மட்டும் தண்ணீரைத் தொடுகிறது: முன்னால் இரண்டு பக்கமும் உள்ள ஸ்பான்சன்கள் (படகோடு சேர்ந்த மிதவைகள்), பின்னால் புரொப்பெல்லர். புரொப்பெல்லரிலும் பாதிதான் நீருக்குள் இருக்கும். மீதிப் பாதி வெளியே காற்றில் சுற்றும். ஆக, படகின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துவதே புரொப்பெல்லர்தான். எஞ்சின் எடை எங்கே உட்கார்கிறது என்பது இங்கே உயிர்நிலை. மொத்த எடையின் மையம் ஸ்பான்சன்களின் பின்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் விழ வேண்டும். அதிகம் பின்னால் போனால் மூக்கு தூக்கும், அதிகம் முன்னால் போனால் படகு தண்ணீரை உழும். என் 52 சிசி உழவு மாடு பின்னால் உட்கார்ந்து படகையே அமுக்கியது.

இப்போது அளவு. அன்லிமிடெட் என்ற உச்ச வகுப்பைச் சேர்ந்த உண்மையான ஹைட்ரோபிளேன் சுமார் 9.1 மீட்டர் நீளம், இன்றைய டர்பைன் படகுகள் சுமார் 3 டன் எடை. எட்டில் ஒன்று என்றால் 1.14 மீட்டர் நீளம், எடை 512-இல் ஒன்றாக 6 கிலோ. ஆறில் ஒன்று என்றால் 1.52 மீட்டர், எடை 216-இல் ஒன்றாக 14 கிலோ. இந்த இரண்டு எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். 26 சிசி வகை மரைன் எஞ்சின் தனியாகவே சுமார் 2 கிலோ வரும். அதோடு எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், சைலன்சர், ஷாஃப்ட், டேங்க், ரிமோட் சொல்கிறபடி சுக்கானையும் த்ராட்டிலையும் அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்கள். எட்டில் ஒரு பங்கு படகில் எஞ்சின் மட்டுமே மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. முடியாது என்றில்லை, படகு 7, 8 கிலோ ஆகும், மரவேலையில் ஒவ்வொரு கிராமையும் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின்தான் வேண்டும் என்றால் ஆறில் ஒன்று நிம்மதி. சிக்கல் என்ன என்றால், ஐந்தடிப் படகை ஸ்கூட்டியில் கொண்டுபோக முடியாது. ஷேர் ஆட்டோவில் ஒருமுறை கொண்டுபோனேன். இரண்டு பேர் டிக்கெட் கேட்டார்கள், நியாயம்தான்.

எந்தக் காலத்துப் படகின் மாதிரி என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 1950, 60-களின் வட்ட மூக்குப் படகுகளில் ஓட்டுநர் பின்னால், எஞ்சின் அவருக்கு முன்னால். பிற்காலப் படகுகளில் ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால், மூக்கு ஊறுகாய் முள்கரண்டிபோல இரண்டாகப் பிரிந்திருக்கும். மேல்மூடிக்குள் எவ்வளவு உயரம், கயிறு ஸ்டார்ட்டரை இழுக்க எந்தப் பக்கம் கை நுழையும், சைலன்சர் எந்தப் பக்கமாக வெளியேறும் எல்லாம் இதைப் பொறுத்தது. அட்டையில் எஞ்சினின் வெளி அளவுக்கு ஒரு பெட்டி செய்து வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை, பல ஆயிரம் மிச்சம்.

புரொப்பெல்லர் சொல்லும் கணக்கு

இதுதான் இந்த விஷயத்தின் மையம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எவ்வளவு வேகம் வேண்டும்? ஸ்லோ-மோ-ஷன் 4-இன் சாதனை வேகம் மணிக்கு சுமார் 258 கிலோமீட்டர். மாதிரி படகு நிஜம்போலத் தண்ணீரைக் கிழித்துத் தூவானம் எழுப்ப வேண்டுமானால் வேகத்தை எட்டால் வகுக்கக் கூடாது. எட்டின் வர்க்கமூலத்தால், அதாவது 2.83-ஆல் வகுக்க வேண்டும். வருவது 91. அது சாதனை ஓட்டத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைக் காலை ஓட்டத்துக்கு மணிக்கு 70, 75 கிலோமீட்டர் போதும். கரையில் நின்று பார்க்கும்போது அதுவே வயிற்றைக் கலக்கும்.

ஆக்டூரா நிறுவனத்தின் புரொப்பெல்லர்களில் எக்ஸ் 467 என்று ஓர் அளவு உண்டு. கடைசி இரண்டு எண் விட்டம், 67 மி.மீ. முன்னால் உள்ள 4, பிட்ச் விட்டத்தைப்போல 1.4 மடங்கு என்பதைச் சொல்கிறது. 67-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 93.8 மி.மீ. ஒரு சுற்றுக்கு அவ்வளவு தூரம் முன்னேறும், திருகாணி மரத்தில் இறங்குவதுபோல. நிமிடத்துக்கு 15,000 சுற்று என்றால் 1,407 மீட்டர்; மணிக்கு 84 கிலோமீட்டர். தண்ணீர் மரமில்லை, வழுக்கும். அதற்குப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கழித்தால் 72 முதல் 76 வரை. நாம் கேட்ட வேகம் வந்துவிட்டது.

அப்படியானால் நமக்கு வேண்டியது 67 மி.மீ. புரொப்பெல்லரைப் பாதி முங்கிய நிலையில் 15,000 சுற்றுக்கு இழுக்கும் எஞ்சின். என் பிரஷ் கட்டர் எஞ்சின் 9,000-க்கு மேல் போக மறுத்தது. அதே புரொப்பெல்லருக்கு 9,000 என்றால் காகிதத்திலேயே 51 கிலோமீட்டர், வழுக்கல் போக இன்னும் குறைவு. படகு எழாததில் ஆச்சரியமில்லை.

ஆலிசன் எஞ்சினே புரொப்பெல்லரை நேரடியாகச் சுற்றவில்லை. நடுவில் கியர் வைத்து மூன்று மடங்காகக் கூட்டினார்கள். நம் படகில் கியர் கிடையாது, எஞ்சினேதான் அந்த வேகத்தில் சுற்ற வேண்டும். என் 55 சிசி கணக்கு விழுந்த இடம் இதுதான்.

இப்போது எஞ்சின்

பெட்ரோலா, நைட்ரோவா, பேட்டரியா என்ற கேள்வியை நம் ஊரில் சீக்கிரம் முடித்துவிடலாம். எட்டில் ஒரு பங்கு படகுகளுக்கு வெளிநாடுகளில் நைட்ரோ எஞ்சின்கள் பிரபலம், எடையும் குறைவு. ஆனால் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளுக்கு நாம் எங்கே அலைவது? பெட்ரோல் எந்த பங்க்கிலும் கிடைக்கும். பேட்டரி பற்றி எனக்கு வெறுப்பில்லை, சத்தமில்லாத ஹைட்ரோபிளேன் எனக்கு உப்பில்லாத கூழ், அவ்வளவுதான்.

இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் அளவுகோலாக வைப்பது ஜப்பானின் ஜெனோவா எஞ்சின்களை. அவற்றின் பூர்வீகமும் பிரஷ் கட்டர்தான். ஜி260 மரைன் எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 34 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) 28 மி.மீ., 25.4 சிசி. ஜி320-இன் போர் 38, ஸ்ட்ரோக் அதே 28, 31.8 சிசி. ஸ்ட்ரோக் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். என் 52 சிசி எஞ்சினின் போர் 44, ஸ்ட்ரோக் 34. 15,000 சுற்றில் 28 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள பிஸ்டன் வினாடிக்குச் சராசரியாக 14 மீட்டர் ஓடுகிறது, 34 மி.மீ. என்றால் 17 மீட்டர். புல் வெட்டச் செய்த கனெக்டிங் ராடும் பேரிங்கும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சீன எஞ்சின்களின் குறியீட்டில் 34, 40, 44 என்று இருப்பது பெரும்பாலும் போர் அளவு. கடைக்காரர் சிசியைச் சொல்வார், நீங்கள் ஸ்ட்ரோக்கைக் கேளுங்கள்.

அப்போ 32 சிசியே வாங்கலாமே என்று தோன்றும். ஆறில் ஒரு பங்கு படகு, 12 கிலோவுக்கு மேல் என்றால் வாங்குங்கள். எட்டில் ஒன்றுக்கு வேண்டாம். கூடுதல் சக்தி நேராக மூக்கைத் தூக்கத்தான் போகும். முதல் படகு என்றால் 26 சிசி, மாற்றங்கள் எதுவும் செய்யாத கம்பெனி எஞ்சின். போர்ட்டை (சிலிண்டரில் கலவையும் புகையும் போய்வரும் துளையை) குடைந்து வேகம் கூட்டியது என்று யாராவது விற்றால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

தண்ணீரில் குளிரும் எஞ்சின்தான் வேண்டும், இதில் பேரமில்லை. காற்றில் குளிரும் எஞ்சினை மூடிய மேல்மூடிக்குள் வைத்து வேலூர் வெயிலில் ஓட்டுவது அடுப்புக்குள் அடுப்பு வைப்பதுபோல. சிலிண்டரைச் சுற்றி நீர் உறை உள்ளதா, நீர் வெளியேறும் குழாயைக் கரையிலிருந்து பார்க்கும்படி படகின் பக்கவாட்டில் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். ஓடும்போது அந்தத் தாரை தெரிந்தால்தான் மனசு ஆறும்.

பற்றவைப்பில் இரண்டு வகை. ஃபிளைவீல் காந்தத்தால் தானே தீப்பொறி தரும் மேக்னெட்டோ, தனி பேட்டரி வேண்டிய சிடிஐ என்ற மின்னணு வகை. புதியவர்களுக்கு மேக்னெட்டோ, ஒரு பேட்டரி குறைந்தால் ஒரு தலைவலி குறையும். அத்துடன் ரிமோட்டிலிருந்தே எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் கட்டாயம். சிக்னல் போனால் தானாக அணையும்படி ரிசீவரை அமைத்துவிடுங்கள். ஏரிக்கரையில் துணி துவைப்பவர்கள், மாடு குளிப்பாட்டுபவர்கள், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். மணிக்கு 70-இல் வரும் 8 கிலோ, விளையாட்டுப் பொருள் இல்லை.

கார்புரேட்டர் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வகையாக இருக்கும். வால்ப்ரோ என்ற கம்பெனியின் பெயரை அதிகம் பார்ப்பீர்கள். கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பை வைத்துத் தானே பெட்ரோலை இழுத்துக்கொள்ளும், படகு எப்படிச் சாய்ந்தாலும் கவலையில்லை. எல், எச் என்ற இரண்டு ஊசிகள் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும்: எல் தாழ்ந்த சுற்றுக்கு, எச் உயர்ந்த சுற்றுக்கு. இரண்டையும் மெல்ல மூடி, ஒன்றேகால், ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பிக்கலாம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மே மாத நண்பகலில் செட்டிங் பார்த்துவிட்டு மார்கழிக் காலையில் அப்படியே ஓட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் காய்ந்து சூடாகும். குளிர் காலையில் எச் ஊசியைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

சைலன்சரை எஞ்சினின் பாகமாகவே நினைத்து வாங்குங்கள். 15,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 4 மில்லிவினாடிதான். வெளியே போகும் புகையின் அழுத்த அலை குழாயின் பின்கூம்பில் மோதித் திரும்பி, தப்பிக்கப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ள வேண்டும். குழாய் நீளம் குறைந்தால் இது உயர்ந்த சுற்றில் நடக்கும், கூடினால் தாழ்ந்த சுற்றில். ஆர்எக்ஸ் 100 சைலன்சரை வெட்டிப் பார்த்த தலைமுறைக்கு இது தெரிந்த கதை. நீளமாகவே தொடங்குங்கள், பிறகு சிறிது சிறிதாகக் குறையுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

பழைய எஞ்சின் வாங்கினால்

பிளக்கைக் கழற்றாமல் கயிறு ஸ்டார்ட்டரின் கைப்பிடியைப் பிடித்து எஞ்சினைத் தொங்கவிடுங்கள். கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் தயங்கித் தயங்கி இறங்கும். சர்ரென்று இறங்கினால் ரிங் போயிருக்கிறது. சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளை வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்தால் அது ஒருமுறை சீஸ் ஆனது. கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. நான் முக்கியமாகப் பார்ப்பது துரு. ஏரியில் மூழ்கி எடுத்த எஞ்சினை அன்றே திறந்து துடைத்து எண்ணெய் விடாவிட்டால் பேரிங்குகள் துருப்பிடிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், மெல்லச் சுற்றினால் மணல் அரைவதுபோல ஒரு கரகரப்பு. நான் ஒருமுறை ஏமாந்தேன்.

பெட்ரோலும் ஆயிலும்

நம் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், சாதாரண ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் டயாஃப்ரத்தையும் ஊதவைக்கும். அளவு போட்ட கண்ணாடிக் குழாயில் பத்து மில்லி தண்ணீர், தொண்ணூறு மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் மட்டம் ஏறியிருக்கும். ஏறியது எத்தனால். ஆகவே எத்தனால் தாங்கும் எரிபொருள் குழாய், கூடுதலாக ஒரு டயாஃப்ரம் செட். வாங்கிய பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்க வேண்டாம், ஓட்டி முடித்ததும் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

பெட்ரோலில் கலக்கும் ஆயில், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான நல்ல டூ-டி ஆயில். தொடக்கத்தில் 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. படகு எஞ்சின் பைக் மாதிரி இல்லை. தண்ணீரில் இறங்கிய நிமிடத்திலிருந்து கிட்டத்தட்ட முழு த்ராட்டில்தான். ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம்.

லேத் பட்டறை

எஞ்சினோடு வராதவை: மவுண்ட், 6.35 மி.மீ. ஃபிளெக்ஸ் ஷாஃப்ட்டை (வளையக்கூடிய கம்பிவட ஷாஃப்ட்டை) எஞ்சினோடு பிடிக்கும் காலெட், ஷாஃப்ட் குழாய். மவுண்ட்டை நம் ஊர் லேத்தில் அலுமினியத்தில் செய்துவிடலாம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் நல்ல கை இருக்கிறது. எஞ்சினுக்கும் மவுண்ட்டுக்கும் நடுவில் ரப்பர் புஷ் கேளுங்கள், இல்லையென்றால் அதிர்வில் மரச்சட்டம் பிளந்துவிடும். காலெட்டை மட்டும் தயாராக வருவதையே வாங்குங்கள். லேத்தில் செய்த ஒன்றை நான் பயன்படுத்தினேன். மையம் ஒரு மயிரிழை தள்ளியிருந்தது, 15,000 சுற்றில் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு அறுந்தது. புரொப்பெல்லர் இன்னும் அந்த ஏரியில்தான் இருக்கிறது, கோடையில் தண்ணீர் வற்றியதும் போய்த் தேடுவேன்.

எஞ்சின் சுற்றும் திசைக்கும் புரொப்பெல்லரின் திசைக்கும் பொருத்தம் பாருங்கள். நிஜ ஹைட்ரோபிளேன்கள் இடப்பக்கமாகத் திரும்பும், மாதிரிப் படகுப் பந்தயங்களில் வலப்பக்கம். அதனால் திருப்பத்தில் பிடிமானம் தரும் துடுப்புத் தகடு மாதிரிகளில் வலது பக்கம் இருக்கும். பழைய புகைப்படத்தைப் பார்த்து அப்படியே கட்டினால் தகடு தவறான பக்கம் வந்துவிடும்.

ஆர்டர் போடும் நாளில் எஞ்சினோடு சேர்த்து ஒரு கேஸ்கெட் செட், டயாஃப்ரம் செட், இரண்டு பிளக், கயிறு ஸ்டார்ட்டரின் ஸ்பிரிங் ஒன்று வாங்கிவிடுங்கள். பைக் பிளக் பொருந்தும் என்று நம்பாமல், எஞ்சின் கையேட்டில் உள்ள எண்ணையே கேளுங்கள். ஒரு ரூபாய் வாஷருக்காக வெளிநாட்டுப் பார்சலை எதிர்பார்த்து ஏரி வற்றும்வரை உட்கார்ந்திருந்தவன் நான்.

எஞ்சின் வந்ததும் ஸ்பான்சன்களிலும் மூக்கிலும் மிதவை நுரையை அடையுங்கள். ஒரு லிட்டர் நுரை கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கும். முதல் இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு எச் ஊசியைத் தாராளமாகத் திறந்து, புகை தெரிய, முழு வேகத்தை விட்டு விட்டுக் கொடுத்து ஓட்டுங்கள். கரைக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பாக ஈரமாக இருந்தால் ஊசியைக் கால் சுற்றுக்கும் குறைவாக மூடலாம். காபிப்பொடி நிறம் என்றால் தொடாதீர்கள். வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு அதற்குமேல் ஓட்டாமல், முதலில் சுக்கானின் நீர்த்துளையைப் பாருங்கள், அப்புறம் எரிபொருள் குழாயில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று பாருங்கள்.